ரசீது எண் இல்லாதவர்

கப்பல்காரர் முதல் தடவை என் ஜன்னலுக்கு வந்தபோது பணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு பழுப்பு உறை. அதன் வாயை மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரலை அழுத்தியபடி நின்றார். இரண்டாம் நிலை பாய்லர் இயக்குநர் உரிமத்துக்கான விண்ணப்பம். படிவத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. முன் அனுபவம் என்ற இடத்தில் ‘கடற்படை, பாய்லர் அறை, பதினேழு வருடம்’ என்று எழுதியிருந்தார். தற்போதைய வேலை என்ற இடத்தில் ‘வாயிற்காவலர், மருத்துவமனை’. அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் வைத்தது பிறகு எங்கள் அலுவலகம்தான். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, நானாகவும் இருக்கலாம்.

உரிமப் பிரிவில் மூன்றாம் ஜன்னலில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன், லிப்ட் மெக்கானிக், பாய்லர் ஆள் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். கறாரான ஆள் என்று எனக்குப் பெயர். ஒரு புகைப்படம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் அன்றைக்கு நான் நல்ல மனநிலையில் இருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஓர் ஆணை வந்திருந்தது. முன்னாள் படைவீரர்களுக்குத் தொழில் உரிமக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. அதை முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தவள் எங்கள் அலுவலகத்தில் நான் ஒருத்திதான். படித்ததைக் காட்டிக்கொள்ள ஓர் ஆள் வரமாட்டாரா என்று காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

“பணத்த உள்ள வைங்க சார். உங்களுக்குக் கட்டணம் கிடையாது.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பரவால்ல மேடம், கட்டிடறேன். கட்டிட்டா கைல ஒரு ரசீது இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. நாட்டுக்காக உழைத்தவர்கள், உங்கள் உரிமை, நீங்களே வேண்டாம் என்றால் பின்னால் வருபவர்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். வரிசையில் நின்றவர்கள்கூடத் தலையாட்டினார்கள். படிவத்தில் ‘கட்டண விலக்கு கோருகிறேன்’ என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். படிவத்தை என் பக்கம் இழுத்து அதில் டிக் அடித்தேன். என் பேனா, என் கை. அவர் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொன்னார். மேலிருந்து சொன்னால் கேட்டுப் பழகிய மனிதர். அன்று வீட்டுக்குப் போய் இதை என் வீட்டுக்காரரிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து தேர்வு அனுமதிச் சீட்டுகள் வந்தன. பன்னிரண்டு பேருக்கு வந்திருந்தது. கப்பல்காரருக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கணினியில் கட்டண ரசீது எண்ணை அடித்தால்தான் அனுமதிச் சீட்டு வெளியே வரும். பணம் கட்டாமல் இதுவரை யாரும் தேர்வு எழுதியதில்லை, அதனால் அந்தக் கட்டம் யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. தள்ளுபடி ஆணையை எழுதியவர்கள் ஒரு கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், கணினிக்கு வேலை செய்தவர்கள் இன்னொரு கட்டடத்தில். இரண்டு பேரும் ஒரு டீக்கடையில்கூடச் சந்தித்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நான் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். சிவப்பு எழுத்து வந்தது. காலியாக விட்டேன். அப்போதும் சிவப்பு. படைவீரர் அடையாள எண்ணைப் போட்டேன். திரையே நின்றுபோனது.

சரி, பணத்தையே கட்டிவிடட்டும் என்று சூப்பரின்டெண்டிடம் போனேன். அவர் மோசமான ஆள் இல்லை. ஆணையை எடுத்து வைத்து, வரிக்கு அடியில் பென்சிலை ஓட்டிக் காட்டினார். முன்னாள் படைவீரரிடமிருந்து எந்தக் கட்டணமும் வசூலிக்கலாகாது. “மீறி வாங்கினா ஆடிட்ல யாரும்மா பதில் சொல்றது, நீங்களா நானா?” தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அடுத்து, படைவீரர் என்று சொல்லாமல் சாதாரண ஆளாகப் புது விண்ணப்பம் போட வைத்தேன். அதே ஆதார் எண்ணில் ஒரு விண்ணப்பம் ஏற்கெனவே நிலுவையில் இருக்கிறது என்று கணினி தள்ளிவிட்டது. பழையதை ரத்து செய்யும் அதிகாரமும் தலைமை அலுவலகத்துக்குத்தான். தொலைபேசியில் கூப்பிட்டால் ஒருவர் எடுப்பார், வேறொருவரிடம் கொடுப்பார், அவர் மதியத்துக்கு மேல் பேசச் சொல்வார். மதியத்துக்கு மேல் யாரும் எடுக்கமாட்டார்கள்.

கப்பல்காரர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருவார். மருத்துவமனை வாசலில் காலை ஷிப்ட் முடிந்து, சீருடைச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வருவார். குரலை உயர்த்தியதே இல்லை. ஒருநாளாவது கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்துகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும். இவர் ஜன்னலுக்கு முன்னால் நின்று, “ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?” என்று மட்டும் கேட்பார். நான் இல்லை என்பேன். சரி என்று போவார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதை தெரிந்தது. அதே மருத்துவமனைக்குப் பின்புறம் ஒரு பாய்லர் அறை இருக்கிறது. துணி வெளுக்கவும், அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யவும் அங்கிருந்துதான் நீராவி போகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். ஒருநாள் பாய்லர் போடும் சத்தத்தை வாசலிலிருந்தே கேட்டு, எந்த வால்வில் கோளாறு என்று இவர் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த பொறியாளருக்கு ஆச்சரியம். உரிமத்தோடு வந்தால் இடம் உனக்குத்தான், ஆனால் மாதக் கடைசிக்கு மேல் என்னால் காலியாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இந்தத் தேர்வை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான்.

“கேட்ல கார் வந்தா கட்டையத் தூக்கணும், போனதும் இறக்கணும்,” என்றார் ஒருநாள். “அதுக்கு எதுக்கு மேடம் பதினேழு வருஷம்?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் ஏதோ ஒரு கோப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் அவருடைய மனைவி வந்தாள். தையல் வேலை செய்கிறவள் போல, ரவிக்கையின் தோளில் இரண்டு ஊசி குத்தியிருந்தது. வந்தது அவருக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“அக்கா, அவர் பணம் கட்டத்தான வந்தாரு?”

ஆமாம் என்றேன்.

“அப்ப நீங்க ஏன்க்கா வாங்கல?”

ஆணையைப் பற்றிச் சொன்னேன், கணினியைப் பற்றிச் சொன்னேன், தலைமை அலுவலகத்தைப் பற்றிச் சொன்னேன். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், “அவர் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாருக்கா. பாவம், நல்லது பண்ணத்தான பாத்தாங்கன்னு சொல்றாரு. அதான் நான் வந்தேன்” என்றாள். அவ்வளவுதான். கிளம்பிப் போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி வைத்தேன். நல்லது செய்யப் பார்த்தேனா? என்னைக் கேட்டால், நான் படித்ததைக் காட்டிக்கொள்ளப் பார்த்தேன். அன்று இரவு வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, “உன்ன யாரு கேட்டா?” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தைதான் அது. அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசியாக எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் அலுவலகத்தில் ரொம்ப நாளாக ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்கு யாராவது வராமல் போனால், காத்திருக்கிற ஓர் ஆளின் பெயரைத் தேர்வு நடத்தும் இன்ஸ்பெக்டர் பட்டியலின் அடியில் பென்சிலால் எழுதிக்கொள்வார். தேர்வு முடியட்டும், மற்றதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். எத்தனையோ பேர் அப்படித்தான் தேறியிருக்கிறார்கள். இரண்டாம் நிலைக்கு எழுத்துத் தேர்வும் கிடையாது. கேள்வி பதிலும் செய்முறையும்தான், ஒரே காலையில் முடிந்துவிடும். கப்பல்காரரிடம் தேர்வு நாளன்று எட்டு மணிக்கே வரச் சொன்னேன். முதல்தடவையாக அவர் முகம் தெளிந்தது. “ஷூ போட்டுட்டு வரணுமா மேடம்?” என்று கேட்டார்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு முற்றம். தகரக் கூரைக்கு அடியில் தேர்வுக்கென்றே ஒரு பழைய பாய்லர் நிற்கும். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது தேர்வு நடந்தது. பெயர் கூப்பிட என்னைப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். இன்ஸ்பெக்டர் புது ஆள், கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கையிலிருந்த பலகை போன்ற கருவியை என் பக்கம் திருப்பினார். இந்தத் தடவையிலிருந்து தாள் பட்டியல் இல்லையாம். திரையில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. வராதவருக்கு நேராக ‘ஆப்சென்ட்’ என்று போடலாம். பதின்மூன்றாவது வரிக்கு இடமே இல்லை. திரையின் அடிவரை விரலால் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

கப்பல்காரரிடம் சொன்னேன். தலையசைத்தார். வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. வந்ததற்குப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஷூ பளபளவென்று இருந்தது.

இரண்டு பேர் முடித்தார்கள். மூன்றாவது ஆள் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய நேரத்தில், தண்ணீரை உள்ளே இழுக்கிற இன்ஜெக்டர் இழுக்காமல் நின்றுவிட்டது. அவன் வால்வைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். நீராவிதான் சீறிக்கொண்டு வெளியே வந்தது. நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் வற்றிய பாய்லர் என்ன செய்யும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

கப்பல்காரர் பெஞ்சிலிருந்து எழுந்ததை நான் பார்க்கவில்லை. “சார், தீயக் கொறைங்க,” என்ற குரல்தான் கேட்டது. வாளித் தண்ணீரில் கைக்குட்டையை முக்கி எடுத்து, சூடேறியிருந்த இன்ஜெக்டரின் மேல் போர்த்தினார். அது புஸ்ஸென்று ஆவி விட்டது. மறுபடி முக்கினார், மறுபடி போர்த்தினார். மூன்றாவது தடவை அந்தப் பையனின் கையைப் பிடித்து வால்வின் மேல் வைத்து, “இப்ப மெதுவா திற” என்றார். சீறல் நின்றது. உள்ளே தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் தண்ணீர் ஏறியது. “சூடாயிட்டா இது இழுக்காது சார். குளிர வச்சா போதும்,” என்று இன்ஸ்பெக்டரிடம் ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உண்மையாகவே குலுக்கினார், அவருடைய மூக்குக்கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்.

“சார், இவர் செஞ்சத நீங்களே பாத்தீங்க.”

“பாத்தேம்மா,” என்றார் அவர். “பாத்தத எங்க எழுதறது?”

கருவியை மறுபடி என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் தயங்கியபடி கப்பல்காரரிடம், இன்னும் எட்டுப் பேர் பாக்கி இருக்கிறார்கள், இன்ஜெக்டர் இந்த நிலையில் இருக்கும்போது தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது, இருக்க முடியுமா என்று கேட்டார். வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. கத்தவில்லை.

“இருக்கேன் சார்,” என்றார் கப்பல்காரர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். கப்பல்காரர் கைக்குட்டையை வாளியில் முக்கிப் பிழிந்து இன்ஜெக்டரின் மேல் போர்த்திவிட்டு, அவன் நிற்பதற்கு இடம் விட்டு ஓர் அடி ஒதுங்கினார். அவன் முடித்துப் போனதும் பழைய இடத்துக்கு வந்து, கைக்குட்டையை எடுத்து மறுபடி முக்கினார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அவர் ஓர் அடி ஒதுங்கினார்.