மாடி வீட்டு ஏசித் தண்ணீர்

அக்சிலியாவை இதுவரை ஜெயித்த ஒரே ஆள் அவள் வீட்டு போர்வெல் தண்ணீர்தான். அதையும் அவள் ஒப்புக்கொண்டதில்லை.

நாமக்கல்லில் இந்தக் கீழ் வீட்டுக்குக் குடிவந்த வருஷமே அந்த உப்புத் தண்ணீர் ஹீட்டரைத் தின்றது. கம்பியைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் வாஷிங் மெஷின் முனகி முனகி ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரோடு அவ்வளவாகச் சகவாசம் இல்லாததால் மிக்ஸி மட்டும் உயிரோடு இருந்தது. அக்சிலியாவோ எலுமிச்சம்பழமும் வினிகருமாக மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தண்ணீருக்குப் போய் பயப்படுகிற ஆளா அவள்?

கல்யாணப் பட்டுக்கு முன்கூட்டியே கொசுவம் மடித்து, ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியால் ஆவி கொடுத்துப் படிய வைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது அவள் தொழில். மணப்பெண் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டால் போதும்.

அந்த ஆவணியில் பரமத்தி வேலூரிலிருந்து ஓர் அம்மா, மகள் கலைமணியின் முகூர்த்தப் பட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அரக்கு நிறம். கொடுக்கவே அவருக்குக் கை வரவில்லை.

"பெரியவ கல்யாணத்துக்கு வேற எடத்துல குடுத்தனுங்க கண்ணு. வெள்ளை வெள்ளையாக் கறை உட்டுட்டாங்க. மேடையில அந்தப் புள்ளை முந்தானைய மறைச்சுக்கிட்டே நின்னுதுங்க."

"எங்கிட்டக் குடுத்துட்டீங்கல்ல, நிம்மதியாப் போயித் தூங்குங்க. ஒரு பொட்டுக் கறை பட்டாலும் இந்தத் தொழிலையே உட்டுடறனுங்க."

அக்சிலியாவுக்கு வாய் எப்போதும் கையைவிட ஒரு அடி முன்னால் போகும்.

முகூர்த்தம் திங்கட்கிழமை விடியலில். ஞாயிறு இருட்டுவதற்குள் சேலையை வாங்கிப்போக ஆள் வரும். மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவள் பெட்டியைச் சூடேற்றினாள். எந்த வேலைக்கும் முன்னால் பழைய வேட்டித் துண்டில் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று அந்த வழக்கம்தான் காப்பாற்றியது. பெட்டி ஒரு செருமல் செருமி, வெள்ளைப் பொருக்கையும் பழுப்புத் தண்ணீரையும் வேட்டி முழுக்கத் துப்பியது. அது மட்டும் பட்டில் விழுந்திருந்தால்? சேலையை எட்டத்தில் நகர்த்தி வைத்தாள்.

மெஷின் பழுது பார்க்கிற மதனுக்கு போன் போட்டாள்.

"அந்தப் பெட்டி அவ்வளவுதானுங்க்கா. உள்ளாரப் பூரா உப்பு."

"புதுசு ஒண்ணு பிரிக்காம வெச்சிருக்கறேன்."

"அதுலயும் நம்ம போர் தண்ணிய ஊத்துனா அதே கதிதானுங்க. கேன் தண்ணியும் எங்க புடிச்சதோ, நம்ப முடியாது. பட்டுன்னா பேட்டரித் தண்ணி ஊத்துங்க. இல்லாட்டி ஏசியில இருந்து சொட்டற தண்ணி. ரெண்டுலயும் உப்பு இருக்காதுங்க."

ஞாயிற்றுக்கிழமை, பேட்டரிக் கடைகள் எல்லாம் அடைப்பு. மிச்சம் இருந்தது ஏசித் தண்ணீர். அது மாடி வீட்டு உண்ணாமலை அக்காவிடம்தான் இருந்தது. அங்கேதான் சிக்கல்.

மாடி ஏசியின் குழாய் முன்பெல்லாம் அக்சிலியாவின் வாசல்படியில் டொக் டொக்கென்று சொட்டும். தூக்கமே வராது. ஒருநாள் வீதியில் நின்று, "உங்க ஊட்டுச் சாக்கடைத் தண்ணி எந்தலையிலயா உழோணும்?" என்று கத்தித் தீர்த்தாள். குழாய் பின்பக்கச் சாக்கடைக்குத் திரும்பியது. பேச்சு நின்றது. அதைத் தன் வெற்றி என்றே அவள் நினைத்திருந்தாள்.

இப்போது வாளியோடு படி ஏறினாள். உண்ணாமலை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க ஏசித் தண்ணி வேணுமுங்க."

"எது, சாக்கடைத் தண்ணியா?" அவர் தலையை நிமிர்த்தவில்லை. "வீதியே கேக்கச் சொன்னியே சாமி."

"சொன்னனுங்க்கா. திருப்பியும் வீதியே கேக்கச் சொல்லட்டுங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நின்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் முந்தானையை மறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் மனசை விட்டுப் போகவில்லை.

"உண்ணாமலை அக்கா ஊட்டு ஏசித் தண்ணி நல்ல தண்ணிங்கோ! நாஞ் சொன்னதுதான் தப்புங்கோ!"

எதிர் மளிகைக்கடைக் குமாரசாமி பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். உண்ணாமலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"போதும், வா உள்ள. நானும் அன்னிக்கே ஒரு வாளிய வெச்சிருக்கலாம், வீம்புல உட்டுட்டேன்."

ஏசியைப் பதினெட்டில் வைத்தார்கள். மழைக்காற்றில் ஈரம் இருந்ததால் வாளியில் தண்ணீர் நன்றாகவே சேர்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த உண்ணாமலையின் கணவர் மயில்சாமி போர்வையை இழுத்துக்கொண்டு, "பட்டப்பகல்ல எதுக்கு இது?" என்றார். "கல்யாண காரியம், சும்மா படுங்க" என்று அடக்கினார் உண்ணாமலை.

துணியில் வடிகட்டிப் புதுப் பெட்டியில் ஊற்றி, வேட்டியில் ஓட்டிப் பார்த்தாள். சுத்தமான ஆவி. அதற்கப்புறம்தான் பட்டில் கை வைத்தாள். கொசுவம் ஒவ்வொன்றும் சொன்ன பேச்சைக் கேட்டது.

காலையில் போட்டோ வந்தது. மேடையில் கலைமணி, முந்தானையை நன்றாக விரித்துவிட்டுக்கொண்டு நின்றாள். அக்சிலியா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண் கலங்கியது.

அன்றைக்கே மயில்சாமி குழாயை வாசல் பக்கம் திருப்பிவிட்டார். அடியில் கேனை வைத்துவிட்டுப் படுத்தாள் அக்சிலியா. டொக் டொக் சத்தத்திலேயே தூங்கிப்போனாள்.

திடீரென்று சத்தம் நின்றது. விழிப்புத் தட்டியது. வாசலுக்கு ஓடி வந்து மாடியைப் பார்த்துக் கத்தினாள்:

"அக்கா! ஏசிய ஏனுங்க நிறுத்திட்டீங்க?"