மணிக்கட்டு

அப்பாவை இடது பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் நெட்டை உள்ளே வந்தான். அவள் திருட்டுத் தின்பண்டத்தோடு மாட்டிக்கொண்ட பிள்ளைபோலக் கையை எடுத்தாள்.

"அக்கா, இது யாரு வேலை?"

"உன் வேலைதான். நீ வர்றதுக்குள்ள அவருக்கு வலிக்குமேன்னு..."

"கை கழுவத்தானே போனேன். அதுக்குள்ளயா?"

நெட்டை கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனான். அவள் வைத்த தலையணையை உருவி, அதே இடத்தில் அதே மாதிரி மறுபடியும் வைத்தான். அவள் வைத்ததில் ஒரு குறையும் இல்லை, அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் வைத்தான். பிறகு குனிந்து, "மாஸ்டர், நான்தான். வாயைக் கொஞ்சம் ஈரம் பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு, நனைத்த பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றினான். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. நேற்று மாலையிலிருந்தே திறக்கவில்லை.

பத்து மணிக்கு ஆய்வாளர் வருவார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்சிங் நிறுவனம் ஒன்றை அவள் தொடங்கப் போகிறாள். அதற்கு உரிமம் கிடைப்பதும் கிடைக்காததும் இன்றைய ஆய்வில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் நடந்த முன்னறையைத்தான் ஆபீஸாக மாற்றியிருந்தாள். மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு, கோப்புகளுக்கு ஒரு பீரோ, கை கழுவத் தனித் தொட்டி என்று அவர்கள் கேட்டதையெல்லாம் செய்துவிட்டாள். உரிமம் வரும்வரை மாட்டக் கூடாது என்பதால் புதுப் பெயர்ப் பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஆய்வு நடக்கும் நாளில், தற்காலிக அனுமதியின் பேரில் ஒரு நோயாளியாவது நிறுவனத்தின் கவனிப்பில் இருக்க வேண்டும்.

"நான் இருக்கேனே" என்றார் அப்பா. நுரையீரலில் வந்த கட்டி கல்லீரலுக்கும் போய்விட்டது, இனி வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய வாரம் அது. "முதல் சவாரி நான்தான். டிக்கெட் மட்டும் கேக்காத."

அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். சொந்த ரத்த உறவுக்கு எந்த நர்ஸும் பணியில் இருக்கக் கூடாது என்று நிறுவனத்தின் விதிகளில் அவளே எழுதி வைத்திருந்தாள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. கூட வேலை பார்த்த ஒருத்தி, தன் அம்மா வலியில் துடிப்பதைப் பார்க்க முடியாமல் ஒரே மருந்தை இரண்டு தடவை ஏற்றியதை அவள் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அந்தப் பயத்தில் எழுதியது இப்போது அவள் தலையிலேயே வந்து விடிந்தது. அப்பாவுக்கு நர்ஸ் நெட்டை. அவள் நோயாளியின் மகள், அவ்வளவுதான்.

"நீயே உனக்கு வச்சுக்கிட்ட ஆப்புக்கா இது" என்றான் தம்பி. செல்போன் கடையில் இருந்தவனை இழுத்துவந்து நிர்வாகி ஆக்கியிருந்தாள். வேலையை விட்டதற்கு அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. காலரை மட்டும் நாளுக்கு நாலு தடவை சரிசெய்துகொண்டான்.

நெட்டை அவளோடு அதே வார்டில் இருந்தவன். அவளை நம்பி நிரந்தர வேலையை விட்டு வந்தவன். முதல் நாள் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டவனைப் பார்த்து, "குனிஞ்சு வாப்பா நெட்டை, வீடு உன்ன அளந்து கட்டல" என்றார் அப்பா. அதோடு அவன் சொந்தப் பெயர் அந்த வீட்டில் காணாமல் போனது.

ஆய்வைத் தள்ளிப்போடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அதுவரை நெட்டையைச் சம்பளம் இல்லாமல் நிறுத்திவைக்கவும் முடியாது. அப்படியும் அப்பாவிடம் கேட்டாள்.

"டெஸ்ட் தேதியத் தள்ளிப்போட்டவன் எவனும் என்கிட்ட பாஸ் பண்ணதில்ல" என்றார் அவர்.

அந்தத் தெருவில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அப்பாவிடம் கற்றவர்கள். அவளும் தம்பியும்கூட. எடுத்ததும் கிளப்ப விடமாட்டார். "கண்ணாடியப் பாத்தியா? பின்னாடி யாரும் இல்லையே? அப்ப எடு" என்பார். ஸ்கூலை மூடிய பிறகும் அந்தப் பேச்சு வீட்டில் தங்கிவிட்டது. யார் எங்கே கிளம்பினாலும், நடந்து கடைக்குப் போனாலும்கூட, வாசலில் உட்கார்ந்து அதைத்தான் சொல்வார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லும் பழக்கமே அந்த வீட்டில் கிடையாது.

அப்பாவுக்கு அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது. அவர் கையைப் பிடித்தால் அவள் விரல்கள் தானாக நழுவி மணிக்கட்டுக்குப் போய்விடும். நாடி ஓடுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண் கடிகாரத்துக்குப் போகும், உதடு எண்ணும்.

"பாப்பா" என்றார் போன வாரம். நாற்பத்தெட்டு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். "கையைப் பிடிச்சா கையைப் பிடி. மணிக்கட்டத் தேடாத."

"பழக்கம்ப்பா."

"எனக்கும்தான் பழக்கம் இருந்துச்சு. சொல்லிக்குடுக்கறவன் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, அதுலயே காலை வச்சுக்கிட்டு இருப்பேன். காலை மடக்கி சும்மா உக்கார எனக்கு எவ்வளவு வருஷம் ஆச்சு தெரியுமா?" மூச்சு வாங்கியது. "நர்ஸ் எவ்வளவு பேரு வேணும்னாலும் கிடைப்பாங்க. மக எனக்கு ஒண்ணுதான். நான் போறப்ப நீ மகளா இரு. அது போதும்."

"சரிப்பா" என்று அவள் சொன்னபோது விரல் மணிக்கட்டில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அவளுக்குத் தெரியும். அம்மா போனபோது அவள் அதே ஆஸ்பத்திரியில் வேறு மாடியில் டியூட்டியில் இருந்தாள். அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் திரைக்குப் பின்னால் போய்விட்டாள், போனில்தான் செய்தி வந்தது. மேலே ஓடிய அவள் அழவில்லை. குழாய்களைக் கழற்றினாள், அம்மாவின் முகத்தைத் துடைத்தாள், கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டாள். என்ன தைரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "பாப்பா எங்க? பாப்பாவ வரச் சொல்லுங்க" என்று, யூனிஃபார்மில் எதிரே நின்ற அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தார். அவரவர் வீட்டில், அவரவர் மனிதர்கள் பக்கத்தில் இருக்க, உயிர் போகட்டும், அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று அவள் நினைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நினைத்ததை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டாள். தன்னால் வெறும் மகளாக உட்கார முடியுமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நரைத்த முடி, தோளில் கனமான பை, அதிகம் பேசாத வாய். தம்பி கதவைத் திறந்த வேகத்தில் கதவே பயந்திருக்கும்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "யூஸ் பண்ண ஊசியெல்லாம் எங்க போடுவீங்க?" என்று ஆய்வாளர் கேட்டதும், மஞ்சள் டப்பாவைக் காட்டியதோடு நிற்காமல், அதை வாங்கிய கடை, கடைக்காரர் முதலில் தந்த தவறான டப்பா, அதைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்த வாக்குவாதம் என்று எல்லாவற்றையும் கொட்டினான். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலமாரியின் இரண்டு பூட்டையும் தானே இழுத்துப் பார்த்தார். தொட்டியில் கை கழுவினார்.

"நோயாளியப் பாக்கலாமா?"

"பின் ரூம்தான் மேடம்" என்றான் தம்பி. அப்போதுதான் அவன் குரல் இறங்கியது. "எங்க அப்பா."

ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். "உறவுக்காரங்களுக்கு நர்ஸா இருக்கக் கூடாதுன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"எழுதறது சுலபம்" என்றார் ஆய்வாளர். அதைக் குத்தலாகச் சொன்ன மாதிரி இல்லை.

பின்னறையில் நெட்டை எழுந்து நின்றான். ஆய்வாளர் ஜன்னலோரம் நின்றுகொள்ள, அவன் தன் வேலையைச் செய்தான். செய்யப் போவதை அப்பாவிடம் முதலில் சொன்னான், பிறகு தொட்டான். காலையில் கொடுத்த மருந்தை யாரிடம் கேட்டுச் சரிபார்த்தான் என்று ஆய்வாளர் விசாரித்ததற்கு, டாக்டரிடம் போனில் பேசியதைச் சொன்னான். அவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில், கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு ஓரம் சுருண்டிருந்ததை இழுத்துவிடக் கை பரபரத்தது.

"நீங்க இவருக்கு?" என்றார் ஆய்வாளர். தெரிந்தேதான் கேட்டார்.

"மக" என்றாள்.

அப்போதுதான் அப்பாவின் மூச்சு நின்றது. நின்று, யோசித்து, மறுபடி வந்தது. வரும்போது தொண்டையில் ஒரு கரகரப்பும் சேர்ந்து வந்தது. எத்தனையோ கட்டில்களின் பக்கத்தில் அவள் கேட்ட சத்தம். இன்னும் இரண்டு நாள் இருப்பார் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு, தம்பியிடமும் சொல்லியிருந்தாள். பிறத்தியார் விஷயத்தில் தவறாத அவள் கணக்கு, அப்பா விஷயத்தில் தவறிவிட்டது. நெட்டையும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை மருந்துத் தட்டை நோக்கிப் போயிருந்தது.

"நெட்டை, தொண்டைக்கு அந்த ஊசி..."

"கொடுத்தாச்சுக்கா. அளவு முடிஞ்சுது."

"இன்னும் கொஞ்சம் குடுக்கலாம். சத்தம் கேக்குதுல்ல? அவருக்குக் கஷ்டமா இருக்கும்டா."

"அந்தச் சத்தம் நமக்குத்தான்க்கா கஷ்டம். அவருக்கு இல்ல."

எத்தனை வீட்டாரிடம் அவள் சொல்லியிருப்பாள் இதே வார்த்தையை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நெட்டை தட்டுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். அந்த உயரத்தோடு நின்றால் தாண்டிப் போக முடியாது. ஒரு நிமிஷம் அவனைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஜன்னலோரம் ஆய்வாளர் நிற்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"உக்காருங்கக்கா" என்றான் மெதுவாக. "மாஸ்டர் உங்களக் கேட்டிருக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அப்பாவின் கையை எடுத்தாள். விரல்கள் வழக்கம்போல நழுவி மணிக்கட்டுக்குப் போயின. அங்கே நூல்போல ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. எண்ண ஆரம்பித்திருந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொண்டுவந்து, அவர் உள்ளங்கையோடு தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். பெரிய கை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த இடங்கள் இன்னும் போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிய நாட்களுக்குப் பிறகு அந்தக் கையை அவள் இப்படிப் பிடித்ததே இல்லை. அழுகை வந்தது. அது பாட்டுக்கு வரட்டும் என்று விட்டாள்.

தம்பி எப்போதோ உள்ளே வந்து அப்பாவின் காலைப் பிடித்தபடி நின்றான். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. "அக்கா, என்னக்கா..." என்றான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மூச்சு நின்றது. வந்தது. மறுபடி நின்றபோது அதிக நேரம் நின்றது.

அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"அப்பா, பாப்பா வந்திருக்கேன். கண்ணாடியப் பாத்துட்டேன்ப்பா. பின்னாடி யாரும் இல்ல. எடுங்க."

இன்னும் ஒரு மூச்சு வந்தது. ரொம்பச் சின்னது. பிறகு வரவில்லை.

தெருவில் யாரோ வண்டியை ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. தம்பி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

டாக்டர் வந்து எழுதிக் கொடுப்பதற்கு முன், உயிர் போன நேரத்தை நர்ஸ் குறித்து வைக்க வேண்டும். நெட்டை பழக்கத்தில் அவளைப் பார்த்தான். வார்டில் எப்போதும் அவள்தான் சொல்வாள், நிமிஷம் பிசகாமல்.

"நேரம் எவ்வளவுக்கா?"

"தெரியலடா" என்றாள். "நான் பாக்கல."

ஆய்வாளர் கையிலிருந்த கோப்பை மூடினார். பேனாவைப் பைக்குள் போட்டார். தம்பியின் தோளைத் தொட்டு, "நான் பாக்க வேண்டியதப் பாத்துட்டேன்ப்பா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, சத்தம் எழாமல் நடந்து முன்னறைக்குப் போனார்.

நெட்டை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். நாடியைப் பார்க்கக் குனிந்தவன், அவள் பிடித்திருந்த கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், அப்பாவின் மறு கையை எடுத்தான்.