இளைய மாமன் கையில் விண்கலக் கதவு

…அந்த உஸ்ஸென்ற சத்தம் இல்லாமல் ஒரு விண்கலக் கதவு திறக்கவே கூடாது, திறந்தால் அது விண்கலம் இல்லை, சமையலறைப் பிரிட்ஜ், இதை எத்தனை தரம் சொன்னாலும் பிரியந்தனுக்கு விளங்கப்போவதில்லை, அவன் மண்டபச் சோடனைக்காரன், அவனுக்கு மினுங்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டே கஜீவன் முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்தான். ஒட்டுப்பலகையும் றெஜிபோம் நுரைப்பலகையும் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து ஒரு வான் வண்டி அளவுக்கு நின்ற விண்கலம், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அக்காவின் மகள் துர்க்கா, பன்னிரண்டு வயது, அரக்குச் சிவப்புச் சேலை, தலை நிறைய நகை, அவளுடைய காலடியில் குந்தியபடி அவன், வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிய நைலோன் கயிறு. ரொறன்ரோவில் ரெக்ஸ்டேல் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானூறு பேர் கட்லட் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், பெரியபிள்ளையானதைக் கொண்டாடுகிற இந்தச் சாமத்திய வீட்டுக்குப் பிள்ளை எதில் வந்து இறங்கப் போகிறாள் என்று. போன மாதம் ஒரு பிள்ளை அன்னப்பறவையில் வந்தது, அதற்கு முன் ஒன்று முத்துச் சிப்பிக்குள்ளிருந்து வந்தது, துர்க்காவோ எனக்கு இந்தக் கொண்டாட்டமே வேண்டாம் என்று ஒரு கிழமை அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, ஸ்பேஸ்ஷிப் எண்டால் ஓகே, அதுவும் மாமா டிசைன் பண்ணினால்தான் என்று கதவிடுக்கால் நிபந்தனை போட்டாள். போட்ட நிபந்தனையில் எல்லாம் சரியாகத்தான் வந்தது, காலை பத்து மணிக்குக் கதவை இழுக்கிற மோட்டார் செத்துப்போனது ஒன்றைத் தவிர. பிரியந்தன் தலையில் கை வைத்தான். உதுக்குப் போய், கயிறு ஒண்டு கொண்டாடாப்பா, நான் உள்ளுக்கை இருந்து இழுக்கிறன் என்றான் கஜீவன். பிறம்ரனில் பதினாறு வருடமாகக் கிடங்கு வாசல் கதவுகளோடு மாரடிக்கிறவனுக்கு இது ஒரு கதவா.

காலையில் வீட்டில் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்த்த பெருமையெல்லாம் மூத்த மாமன் அன்புராசா அண்ணைக்கு, இளைய மாமனுக்குக் கயிறு… பரவாயில்லை, யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு உத்தியோகம். விண்வெளிப் படங்களில் பார், எந்தக் கதவும் ஒரு விநாடியில் மூடும், ஒரு விநாடியில் திறக்கும், கிடங்கில் ஒரு கதவு திறக்க முக்கால் நிமிடம், மாரி காலத்தில் பனி பிடித்தால் அதுவும் இல்லை, முந்நூறு வருடத்துக்குப் பிறகும் பனி பனிதானே? சரி, அதை மன்னிக்கலாம். வெற்றிடத்தில் வெடிச் சத்தம் கேட்பதையும் அவன் மன்னித்துவிட்டான், சத்தமில்லாத வெடியை யார் ரிக்கெற் எடுத்துப் பார்ப்பது? மன்னிக்கவே முடியாதது அந்த வெடிகுண்டுக் கடிகாரம். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி ஒன்றில் வந்து நிற்குமே, ஏன் ஒருநாளும் ஆறில் நிற்பதில்லை, ஆறில் நிறுத்தத் தெரிந்த ஒரு கெட்டிக்காரன்கூடவா பிரபஞ்சத்தில் இல்லை? வேற்றுக்கிரகவாசி வந்து ஒரு நகரத்தை நொறுக்கினால் அது பாதி நேரம் இந்த ரொறன்ரோவில் எடுத்ததுதான், வீதிப் பலகையை மாற்றிவிட்டு வேறு ஊர் என்பார்கள், எங்கள் ஊரை எங்கள் பெயரிலேயே நொறுக்கினால் என்ன குறைந்துவிடும்? கிடங்கில் கூட வேலை செய்கிற பஸ்ரியன் கேட்பான், உன்ரை படத்திலை விசிலடிக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கோ மச்சான், எல்லாரும் ஹெல்மெற் போட்டிருக்கிறாங்கள், ஆர் ஹீரோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பஸ்ரியனுக்கு எப்படிச் சொல்வது, விசில் அடிக்க முடியாத இடத்துக்காகத்தான் போவது என்று… கலம் பூமியை விட்டு விலகும், எல்லாச் சத்தமும் பட்டென்று அறும், தியேட்டரில் நாச்சோ கடிக்கிறவனும் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பான், அந்த நாலு விநாடி. அந்த நாலு விநாடியில் ஆறு வயதுத் துர்க்கா அவனுடைய சின்ன விரலைப் பிடித்தது இன்னும் விரலில் இருக்கிறது.

கேட்கவேண்டும். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது, வெளியே போனால் அவள் நானூறு பேருடைய பிள்ளை, படப்பிடிப்பு, கேக், நடனம்… போனில் இரண்டு ரிக்கெற் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறரை, பெரிய திரை, நடு வரிசை, மூன்று வருடமாக இருவரும் காத்திருந்த தண்ணீர்க் கோள் படத்தின் மூன்றாம் பாகம். வெள்ளிக்கிழமையே படம் வந்துவிட்டது, அவன் பார்க்கவில்லை, கதையை யாரும் உளறிவிடக் கூடாதென்று கிடங்கு வாட்ஸ்அப் குழுவையே மூடிவைத்திருக்கிறான். ரிக்கெற் எடுத்த அன்றுதான் நிரூபா அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சொன்னாள், டேய், அவளுக்கு இப்ப சிநேகிதியள் இருக்கினம், இனியும் மாமாவோடை வருவாள் எண்டு நினைக்காதை, நான் சொல்லேல்லை எண்டு பிறகு மூஞ்சையைத் தூக்காதை. அவன் மூஞ்சையைத் தூக்கவில்லை. கத்தரிக்காய் ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துவிட்டுச் சிரித்தான், அது கசந்தது.

ஆறு வருடம், இருபத்துமூன்று படம். முதலாவதைத் தவிர வேறு ஒன்றையும் அவன் அவளோடு முதல்முறையாகப் பார்த்ததில்லை, அது அவளுக்குத் தெரியாது. முதற் படத்தில் தரையைப் பிளந்துகொண்டு ஒரு பூச்சி வந்து, பிள்ளை ஒரு கிழமை நித்திரை கொள்ளாமல், அக்கா அவனை வீட்டு வாசலில் வைத்தே கிழித்ததன் பிறகு தொடங்கிய பழக்கம், தனியாக ஒரு மத்தியானக் காட்சி, ஒத்திகை. பயங்கரம் வருகிற நிமிடத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வான், ஐம்பத்தேழு, ஒன்று இருபது, அதாவது படம் தொடங்கி ஒரு மணி இருபது நிமிடம், அவ்வளவுதான். பிறகு அவளோடு போகும்போது அந்த நிமிடத்துக்குச் சற்று முன் இருட்டில் கையைப் பார்த்து, பொப்கோர்ன் முடிஞ்சுது பிள்ளை, வா வாங்குவம் என்று வெளியே கூட்டிப்போய், ஆறுதலாக வெண்ணெய் ஊற்றுவித்து, திரும்பி வந்து பக்கத்து இருக்கைக்காரனிடம், என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்பான். வெட்கமில்லாத நடிப்பு, அதற்கு ஒரு விருது கொடுக்கலாம். இந்த முறைதான் ஒத்திகைக்கு நேரமில்லை, கிழமை முழுக்க வெள்ளிப் பூச்சு, நகத்துக்குள் இன்னும் போகவில்லை.

அவனுக்கென்று பார்க்க முடியாதது ஒன்றே ஒன்று. பூச்சி வரட்டும், தலை பறக்கட்டும், கலத்தின் கதவு மூடும்போது ஒருத்தன் வெளியே நின்றால் மட்டும்… கண்ணாடியில் கையை வைப்பான், உள்ளே இருக்கிறவள் கத்துவாள்… இரண்டாம் பாகத்தில் அப்படி ஒன்று வந்தது, ஒத்திகையில் எழுந்து போனான், துர்க்காவோடு பார்த்தபோதும் வயிறு சரியில்லை என்று எழுந்து போனான். தொண்ணூற்றைந்து, யாழ்ப்பாணத்து இடம்பெயர்வு, மழை, லொறியின் பின்கதவைச் சங்கிலி போட்டு மூடுகிறார்கள், உள்ளே ஒன்பது வயதில் அவன், வெளியே அன்புராசா அண்ணை சைக்கிளோடு, இடமில்லை, நான் பின்னாலை வாறன், அழாதை. சரி, அப்புறம் என்ன? ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அண்ணை கொடிகாமத்தில் பிஸ்கட் தின்றுகொண்டே வந்து சேர்ந்தார், இப்போது ஏழாம் மேசையில் ஐந்தாவது கட்லட்டில் இருப்பார். ஒன்றுமே நடக்காத ஒன்றுக்கு முப்பது வருடமாகப் பயப்படுகிறான் ஒரு மனிதன், யாரிடம் சொல்வது, சொன்னால் அண்ணையே விழுந்து விழுந்து சிரிப்பார்.

மாமா, கொஞ்சம் தள்ளி இருங்கோ, சாறி கசங்குது, அம்மா லிற்றறலி என்னைக் கொல்லுவா. தள்ளினான், முதுகில் ஒரு ஆணி குத்தியது. வெளியே அறிவிப்பாளர் மைக்கைத் தட்டி, இன்னும் சில நிமிடங்களில் விண்வெளியிலிருந்து என்று இழுத்தார், யாரோ கைதட்டினார்கள், வயலின் இசை வந்தது. விண்வெளிக்கு ஏன் வயலின்? உதைத்தான் நானும் சொன்னனான் மாமா, ஆரும் கேக்கேல்லை, என்று அவள் சிரித்தாள், சிரித்தபடி விசிறிக்கொண்ட கையில் மருதாணி, நடுவில் விட்ட வெறும் வட்டத்துக்குள் நீல மையில் ஏதோ கிறுக்கல், அலங்காரக்காரப் பெண் எழுதிவிட்ட நேரமாக்கும். எத்தனை மணிக்கு உடுப்பு மாற்றுவது, எத்தனை மணிக்குக் கேக்… பாவம், பிள்ளையின் நாளையே கையில் எழுதிவைத்திருக்கிறார்கள். வெள்ளிப் புகை கீழ் விளிம்பால் உள்ளே வரத் தொடங்கியது, உலர் பனிக்கட்டி, கணுக்கால் குளிர்ந்தது. இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. தொண்டையைச் செருமினான், பிள்ளை, செவ்வாய்க்கிழமை உனக்கு வேலை ஏதும் இருக்கோ? தேர்ட் பார்ட்தானே, என்றாள் அவள் உடனே, வாறன் மாமா, ஒப்வியஸ்லி, நீங்கள் கேக்கமாட்டியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இவ்வளவுதான், இதைக் கேட்கவா மூன்று நாளாக ஒத்திப்போட்டுக்கொண்டு திரிந்தான்? சிரிப்பு வந்தது. அப்போது அவள் உள்ளங்கையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள், பார்த்ததை மறைக்கத் தெரியாமல் மறைத்தாள், ஆனா மாமா, ஒண்டு பன்னிரண்டிலை நீங்கள் பொப்கோர்ன் வாங்கப் போகவேணும். பெருசு. பட்டர் ரெண்டு தரம் ஊத்தச் சொல்லி, ஆறுதலா வாங்கோ.

என்ன? என்று கேட்க வாய் எடுப்பதற்குள் அறிவிப்பாளர் எண்ணத் தொடங்கிவிட்டார், பத்து, ஒன்பது, நானூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள், ஆறிலையே ஏன்ரா புகை விசையைப் போட்டனி என்று பிரியந்தன் வெளியே யாரையோ திட்டினான், அவ்வளவு புகையும் ஆறிலேயே வந்துவிட்டது, கதவும் ஒன்று என்று எண்ணும்வரை காத்திருக்கவில்லை, கஜீவன் கயிற்றை இழுத்துவிட்டான். மாமா, சவுண்ட், என்றாள் அவள், இருவரும் பல்லைக் கடித்து ஒன்றாக உஸ்ஸ்ஸ் என்றார்கள், கதவு எழும்பியது, வெளிச்சம் அறைந்தது, அவள் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டாம் என்று அவன்தான் ஒத்திகையில் சொல்லியிருந்தான்.

கயிற்றை விட முடியாது, விட்டால் கதவு விழும். பிடித்தபடி குந்தியிருந்தான், புகைக்குள்ளால் செருப்புகள் தெரிந்தன, சேலைக் கரைகள் தெரிந்தன, தூரத்தில் ஏழாம் மேசையில் அண்ணை கட்லட்டோடு எழுந்து நின்று போனில் படம் எடுப்பது தெரிந்தது. ஒன்று பன்னிரண்டு. அப்படியென்றால் அவள் படத்தைப் பார்த்துவிட்டாள், சிநேகிதிகளோடு வெள்ளிக்கிழமையே… கள்ளி… கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை, வந்தது வேறு ஏதோ, பனிக்காலத்தில் வெளியிலிருந்து வந்து சூடான காருக்குள் ஏறியதுபோல. ஒன்று பன்னிரண்டில் ஒரு கதவு மூடப்போகிறது, வேறு என்னவாக இருக்கும், ஒருத்தன் வெளியே நிற்கப்போகிறான், இதைப் பார்த்து ஞாபகம் வைத்து, மருதாணிக்கு நடுவில் எழுதி… வயிறு சரியில்லை என்று அன்றைக்கு அவன் சொன்னதை அவள் நம்பவே இல்லையா? அப்படியென்றால் உள்ளங்கை? அவன் கையில் இருந்த எண்களை அவள் எப்போது வாசித்தாள், பத்து வயதிலா, எட்டிலா, இல்லை இரண்டாம் படத்திலேயே… வாசித்துவிட்டும் ஒவ்வொரு முறையும் அவனோடு எழுந்து வந்தாளே, வெண்ணெய் ஊற்றும்வரை நின்றாளே, அந்த நேரமெல்லாம் யாருக்காக யார் எழுந்து போனது…?

கஜீவண்ணை, கயித்தை விட்டிட்டு வாங்கோ, குடும்பப் படம் எடுக்கினம், மாமன்மாரைக் கேக்கினம், என்று பிரியந்தன் பலகையைத் தட்டினான். ஓம் ஓம், வாறன், கதவுக்குக் கீழே ஆரும் நிக்கினமோ எண்டு பார், என்றான் கஜீவன், ஒருத்தரும் இல்லை என்று பதில் வந்த பிறகும், இன்னொருக்கால் வடிவாப் பார், என்றான், கயிற்றில் ஒரு சுற்றை மட்டும் மெல்லத் தளர்த்தினான், செவ்வாய்க்கிழமை ஒன்று பன்னிரண்டுக்கு எழுந்து போவதா, இருந்து பார்த்துவிடுவதா, போகாவிட்டால் பிள்ளை எழுதியது வீணாகிவிடுமே…