மேலே வைத்த சொல்

எங்கள் ஆலிவ் எண்ணெய் டின்னில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. வந்த முந்நூறு புகார்களையும் என் மருமகள் மிர்சினி கணினியில் அட்டவணையாக்கி, சொற்களைத் தேடி வகை பிரித்தாள். ஒழுகல், நசுங்கல் என்றிருந்தால் லாரியின் தவறு. காறல், வாடை என்றிருந்தால் எங்கள் தவறு. நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன்.

"நம்ம தப்பு பூஜ்யம். உக்காருங்க மாமா, தரை தேயுது."

அப்படியானால், இந்தப் புகார்களுக்காக லாரிக்கார இக்னாத்திஸை நான் காபிக்கடையில் எல்லார் முன்னும் திட்டியது சரிதான். ஆனாலும் உட்கார முடியவில்லை. குனிந்து ஒரு வரியைப் படித்தேன்: "டின்னில் ஒழுகல். எண்ணெயிலும் காறல்."

"இது எப்படி லாரி தப்பாச்சு?"

"பட்டியல்ல மேல வச்ச சொல் கிடைச்சா கணினி கீழ இருக்கிறதைத் தேடாது மாமா. நம்ம எண்ணெய் காறாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அதான் ஒழுகலை மேல வச்சேன்."

"காறலை மேல ஏத்து."

"ஊருக்கே தெரிஞ்சிடும் மாமா."

"ஏத்தும்மா."

நாற்பத்தொரு வரிகள் எங்கள் பக்கம் வந்தன. தொப்பியை எடுத்துக்கொண்டு காபிக்கடைக்குக் கிளம்பினேன். இக்னாத்திஸ் அங்கேதான் இருப்பான், எல்லாரும் இருப்பார்கள்.