பழைய ஹார்டு டிஸ்க்

என் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, புதுக்கோட்டையில் கடை வைத்திருக்கும் அலெக்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் வேகமான புது எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தான். பொத்தானை அழுத்தி முடிப்பதற்குள் திரை வந்தது.

“பழைய டிஸ்க்கை ஒரு டப்பாவுல போட்டுத் தாரேன் சார், பென் டிரைவ் மாதிரி வச்சுக்கலாம். உள்ள இருக்கறதை அழிச்சிரவா?”

“அதான் எல்லாத்தையும் மாத்தியாச்சே, இன்னும் அதுல என்ன இருக்கு?” என்றேன். வீடு மாற்றினால் பழைய வீடு காலிதானே என்பது என் நினைப்பு. இருபத்தாறு வருஷம் அறிவியல் நடத்தியவன் கடைக்காரனிடம் போய்ச் சந்தேகம் கேட்பேனா? அவன் ஏதோ சொல்ல வந்தான். காதில் போட்டுக்கொள்ளாமல் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சந்தனமேரி டீச்சர், மகள் டயானாவின் கல்லூரிப் படங்களை வைக்க இடமில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியருக்குரிய பெருந்தன்மையோடு டப்பாவை எடுத்து நீட்டினேன்.

“காலி டிஸ்க்தான் டீச்சர். வச்சுக்கங்க.”

என் நாற்காலி அவருக்கு வந்திருக்க வேண்டியது. போன வருஷம் நிர்வாகம் பதவிக்கு அவர் பெயரைப் பரிசீலித்த வாரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் போனது. வராத பிள்ளைகளுக்கு வருகை போட்டு, சத்துணவு முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று. விசாரிக்க வந்தவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, “டீச்சர் பையில முட்டை இருக்குமா?” என்று கேட்டார்கள். அவர் மேல் தப்பில்லை என்று முடிவாவதற்குள் பதவி எனக்கு வந்துவிட்டது.

கடிதத்தை எழுதியவன் நான்தான்.

“யாரு சார் எம்மேல இப்படி எழுதியிருப்பா?” என்று அவர் என்னிடமே வந்து அழுதார். நானும் யோசிப்பதுபோல் நடித்து, “ஷர்லி டீச்சர் கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருந்தாங்க” என்றேன். ஷர்லி அவருடைய உயிர்த் தோழி. அன்றோடு பேச்சு நின்றது. ஷர்லியின் அப்பா இறந்தபோதுகூடச் சந்தனமேரி போகவில்லை. அப்புறம் ஷர்லி மாறுதல் வாங்கிக்கொண்டு பொன்னமராவதிப் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை சந்தனமேரி என் அறைக்கு வந்து டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

“காலி இல்ல சார். எல்லாம் அப்படியே இருக்கு.”

டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“மனு ஒன்னு, மனு ரெண்டு, மனு இறுதின்னு மூனு ஃபைல் இருக்கு. டயானாதான் மொதல்ல படிச்சா.” அவர் குரலை உயர்த்தவில்லை. “மொதல்ல நாலு முட்டைன்னு எழுதியிருக்கீங்க. கடைசியில ஒரு அட்டை, முப்பது முட்டைன்னு ஆக்கிட்டீங்க.”

நாலு முட்டைக்கு யார் விசாரிக்க வரப்போகிறார்கள் என்று உட்கார்ந்து யோசித்துத்தான் அதை மாற்றினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. “டீச்சர்…” என்று எழுந்தேன்.

“உக்காருங்க சார். ஒரு கையெழுத்து வேணும்.”

விடுப்புக் கடிதம். ‘மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு’ என்று முறைப்படிதான் தொடங்கியிருந்தார். நாளை ஒருநாள் தற்செயல் விடுப்பு. காரணம்: பொன்னமராவதி சென்று ஷர்லியிடம் மன்னிப்புக் கேட்பதற்காக.

“நானும் வாரேன் டீச்சர். நான்தான் கேக்கணும்.”

“வேணாம் சார். அவ அப்பா அடக்கத்துக்கு நீங்கதானே போயி ஆறுதல் சொல்லிட்டு வந்தீங்க. அது போதும்.”

கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே தலைமை ஆசிரியர் முத்திரையும் வைக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். முத்திரை கோணலாக விழுந்தது.

கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு, “நன்றி சார்” என்றார்.