ஒன்றரை மடங்கு

நீலாவதியின் முதுகை நான் ஒடிக்கவில்லை. அவளாகத்தான் குனிந்தாள், அவளாகத்தான் தூக்கினாள். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணி. பெயர் புவனேஸ். நீலாவதி என் கூட்டத்தில் கொழுந்து மூட்டை சுமப்பவள். புருஷன் செத்து, மகள் பூவிழியோடு தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் இருக்கிறாள். ஆள் முப்பத்தெட்டு கிலோ. சரிவிலிருந்து ரோட்டுக்கு மூட்டை ஏற்றி ஏற்றி முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதித் தந்த கடிதத்தைத் தோட்ட மேனேஜரான புதுத் துரையிடம் கொடுத்து, ஸ்டோரில் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டும் வேலையைக் கேட்டிருந்தாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஒரே ஓர் இடம்தான்.

அந்த இடத்தை என் மனைவி அன்பரசியும் கேட்டிருந்தாள். அவளுக்கு முதுகு நன்றாகத்தான் இருந்தது. மழையில் நனையத்தான் பிடிக்காது. எனக்கும் வீட்டில் தினம் அர்ச்சனை வாங்கப் பிடிக்காது.

துரை உடற்பயிற்சிப் பைத்தியம். பிரிஞ்சாங் டவுனில் ஜிம்முக்குப் போகிறவர். தோட்டத்துக் குடும்ப தினத்துக்கு ஒரு போட்டி வைத்தார். தரையில் கிடக்கும் இரும்புக் கம்பியைத் தூக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும். எத்தனை கிலோ என்பது பேச்சில்லை. உன் எடையைப்போல் எத்தனை மடங்கு தூக்குகிறாய் என்பதுதான் கணக்கு. மடங்கு யாருக்கு அதிகமோ அவருக்குப் பரிசு.

முந்தின நாள் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நீலாவதியைத் தனியாகப் பிடித்தேன்.

"நாளைக்கு நீயும் தூக்கு நீலா. தொர ஆளக் கொறைக்கப் போறாரு. தூக்காதவங்க பேர எழுதி வச்சுக்கிட்டு வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

"லெட்டர் குடுத்திருக்கேனேண்ணே?"

"அதப் பாத்தா ஒன்னையத்தான் மொதல்ல கெளப்புவாரு லா. பூவிழிக்குப் பரீட்ச வருதுல்ல? புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்க போவ?"

பரீட்சை என்றதும் அவள் முகம் செத்துப்போனது. பார்த்துத்தான் அந்த இடத்தில் அடித்தேன்.

மறுநாள் எல்லாரையும் கொழுந்துத் தராசிலேயே ஏற்றி நிறுத்தார்கள். லோரி ஓட்டும் தர்மா தொண்ணூற்றெட்டு கிலோ. நூற்று முப்பது தூக்கினான். ஒன்றே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். அவனை மிஞ்ச ஆளில்லை. கடைசியில் நீலாவதி வந்தபோது கூட்டத்தில் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்து அக்கா, கம்பி ஒங்களத் தூக்கிடப் போவுது" என்று தர்மா கத்தினான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். நாற்பது தூக்கினாள். ஐம்பது தூக்கினாள். போதுமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். இன்னும் என்று கண்ணைக் காட்டினேன். ஐம்பத்தேழு கிலோவை ஏற்றினார்கள். முகத்தில் ரத்தம் ஏற, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள். "ஒன்றரை மடங்கு!" என்று துரை மைக்கில் கூவினார். லயத்துப் பெண்களில் சிலர் அழுதே விட்டார்கள். எனக்கும் ஒரு கணம் பெருமையாக இருந்தது, என் கூட்டத்து ஆள் அல்லவா.

பிறகு துரையின் பக்கத்தில் போய் நின்றேன். "முதுகு முடியலன்னு லெட்டர் குடுத்தது இவங்கதான் தொர" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "பத்து கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே? என்னைய முட்டாளாக்கப் பாத்தாங்களா? அந்த லெட்டரக் கிழிச்சிப் போட்டுடு. ஸ்டோருக்கு ஒன் வைஃப்ப வரச் சொல்லு."

பரிசு ஒரு பத்து கிலோ அரிசி மூட்டை. கூட்டம் கலைந்த பிறகும் அது மேசைமேல் கிடந்தது. நீலாவதி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. அரிசியை நான் தோளில் போட்டுக்கொண்டேன். பூவிழி அம்மாவைத் தாங்கிக்கொண்டாள். வழியில் பார்த்தவர்கள் கங்காணிக்கு எவ்வளவு நல்ல மனசு என்றார்கள்.

வாசலில் மகளை உள்ளே அனுப்பிவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் சொல்லலன்னா வீடு போயிருக்கும்ணே. எடது காலு மரத்துப் போச்சு. குனியவே முடியல. தொரைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை முப்பது கிலோ மூட்டையை நானே அவள் முதுகில் ஏற்றிவிட்டேன். அன்பரசி ஸ்டோரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதமாகிறது. நீலாவதி காலை இழுத்து இழுத்துச் சரிவேறுகிறாள். என்ன ஆயிற்று என்று கேட்பவர்களிடம் அட்டை கடித்துவிட்டது என்கிறாள். என்னிடமும் கேட்கிறார்கள். கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.