டீ நேரத்தில் பேசிய இரண்டு பெண்கள்

எங்கள் தையல் கூடத்தில் மிஷின் சத்தம் காதைப் பிளக்கும். டீ நேரத்தில் மட்டும் அடங்கும். அப்போது கூரையில் மாட்டிய ஸ்பீக்கரில் இரண்டு பெண்கள் பேசுவார்கள். மாமியாரைக் கிண்டலடிப்பார்கள், புருஷனை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். பக்கத்துக் கட்டடத்தில் தைக்கிறவர்கள் என்றுதான் எல்லோரும் நம்பினோம். நடுநடுவே ஒருத்தி பெருமூச்சு விடுவாள்: "நம்ம நேரம் நம்ம கையில இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்டி!"

பல மாதம் கழித்து நிர்வாகம் எங்களை ஓட்டுப் போடச் சொன்னது. பழையபடி மாதச் சம்பளமா, இல்லை இஷ்டப்பட்ட நேரத்தில் வந்து, தைத்த சட்டைக்கு மட்டும் கூலியா? இரண்டாவதில் விடுப்புச் சம்பளம் கிடையாது. என்னோடு அதே கூடத்தில் தைக்கும் என் தங்கை அப்போது முழுகாமல் இருந்தாள். மாப்பிள்ளைக்கு நிலையான வேலை இல்லை. பிரசவ விடுப்புச் சம்பளத்தை நம்பித்தான் அந்தக் குடும்பமே இருந்தது.

"அடியே, புத்தி கெட்டுப்போச்சா? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு கூலிக்கா ஓட்டுப் போடுவ?"

"என் நேரம் என் கையில இருக்கணும்க்கா. யாரும் சொல்லித் தரல, நானே யோசிச்சேன்."

"நீ கிழிச்ச! ஸ்பீக்கர்ல பேசுற அந்த ரெண்டு பேரும் ஓதினதுதானே இது?"

"அவங்களும் நம்மள மாதிரி தைக்கிறவங்கதானே. அவங்களுக்கு இதுல என்ன லாபம்?"

மறுநாள் பக்கத்துக் கட்டடத்துக்கே போய்ப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகள் அடுக்கிய கிடங்கு. காவல்காரர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். இங்கே யாரும் தைத்ததே இல்லை என்றார்.

ஓடி வந்து, அந்த இரண்டு பேரும் நிர்வாகமே பேசவைத்த குரல்களாகத்தான் இருக்கும் என்று தங்கையிடம் சொன்னேன். "யார் சொன்னா என்னக்கா? சொன்னது சரிதானே," என்றாள். கூடமே அவள் பக்கம் இருந்தது. கூலி ஜெயித்தது. அன்றைக்கு எல்லோரும் கைதட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரசவத்துக்குப் போனவளுக்குச் சல்லிக்காசு வரவில்லை. பச்சை உடம்போடு மிஷினுக்குத் திரும்பினாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு அன்பாகத்தான் பேசினார்: "நாங்க யாரையும் வரச் சொல்லலையேம்மா. எல்லாம் உங்க இஷ்டம்."

அவர் நகர்ந்ததும் எனக்கு அழுகை முட்டியது. "வாயைத் திறந்து ஒரு தடவையாவது இவங்களைத் திட்டேன்டி, பாவி!"

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரைத் திட்டச் சொல்ற? தலையெழுத்துன்னுகூடச் சொல்ல முடியாதுக்கா. நான்தானே கேட்டு வாங்கினேன்."